முழங்கால் வலிக்கு ஊசி குத்தும் வைத்தியம்!
சீனர்கள் கண்ட முறை. தப்பான இடத்தில் குத்தினாலும் வலி குறைந்த அதிசயம்

மாடிப்படி ஏறினால் 'சுரீர்' என்று வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். முழங்கால் வலி வந்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

சீனாவில் இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. மயிர் போன்ற மெல்லிய ஊசிகளை முழங்காலைச் சுற்றிக் குத்துகிறார்கள். இருபது, முப்பது நிமிடம் அப்படியே விட்டு வைக்கிறார்கள். பிறகு எடுத்து விடுகிறார்கள். ஊசிக்குள் மருந்து கிடையாது. வெறும் ஊசிதான்!

இதுதான் 'அக்குபங்சர்'.

உடம்பில் 'சீ' என்ற உயிர்ச்சக்தி ஓடுகிறது என்பது சீன வைத்தியர்களின் கொள்கை. அது ஓட 12 முக்கியப் பாதைகள் உண்டு. காற்று, குளிர், ஈரம் ஆகிய மூன்றும் உள்ளே புகுந்தால் பாதை அடைபடும். அடைபட்ட இடத்தில் வலி உண்டாகும். ஊசி குத்தினால் அடைப்பு நீங்கும் என்கிறார்கள்.

உடலை அறுத்துப் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பாதைகளைக் கண்டதில்லை. வயதானவர்களின் முழங்கால் வலிக்கு டாக்டர்கள் சொல்லும் காரணமே வேறு. எலும்பின் நுனியில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்கிறது. மூட்டு வீங்குகிறது. வலிக்கிறது.

கன்றுக்குட்டி மூக்கு

ஊசி குத்தும் இடங்களுக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயர்கள் வேடிக்கையானவை. காலை மடக்கினால் முழங்கால் சில்லுக்குக் கீழே இரு பக்கமும் குழி விழும். அந்தக் குழிகளுக்கு 'முழங்காலின் கண்கள்' என்று பெயர். வெளிப்பக்கத்துக் குழிக்கு இன்னொரு பெயரும் உண்டு. 'கன்றுக்குட்டி மூக்கு'! சற்று மேலே, தொடையின் உள்பக்கத்தில் இருப்பது 'ரத்தக் கடல்'.

அதே குழிக்கு நாலு விரல் கீழே இருப்பது 'கால் மூன்று லி'. லி என்பது சீனத் தூரக் கணக்கு. சுமார் அரை கிலோமீட்டர். நடந்து களைத்தவன் இந்த இடத்தைத் தூண்டினால் இன்னும் மூன்று லி நடப்பானாம்! ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689-ல் நீண்ட கால்நடைப் பயணம் புறப்பட்டார். புறப்படும் முன் இதே இடத்தில் மூலிகைச் சூடு போட்டுக் கொண்டார்.

சூடு என்றால் இரும்புக் கம்பியால் அல்ல. நம் பெண்கள் தலையில் சூடும் மரிக்கொழுந்துக்கு உறவான ஒரு செடி இருக்கிறது. அதன் இலையைக் காய வைத்துப் பஞ்சாக்கி, சுருட்டுப் போல் சுற்றிக் கொளுத்துகிறார்கள். அந்தக் கங்கைத் தோலுக்கு அருகே காட்டுகிறார்கள்.

வெண்கல மனிதன்

சீனாவில் 1027-ம் ஆண்டு ஓர் ஆள் உயரத்தில் வெண்கல மனிதன் செய்தார்கள். செய்வித்தவர் வாங் வெய்யி என்ற அரச வைத்தியர். உடம்பு முழுவதும் சிறு சிறு துளைகள். மாணவர்களுக்குப் பரீட்சை வைக்கும்போது பொம்மைக்குள் தண்ணீர் ஊற்றி, மேலே மெழுகு பூசி விடுவார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் வரும். தவறினால் ஊசி உள்ளே போகாது. பரீட்சையில் தோல்விதான்!

பிறகு காலம் மாறியது. 1822-ல் சீனச் சக்கரவர்த்தியே தமது அரண்மனை வைத்தியசாலையில் ஊசி வைத்தியத்துக்குத் தடை போட்டார். 1950-க்குப் பிறகு கம்யூனிஸ்டு அரசு அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது.

உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது 1971-ல். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் (இப்போது பெய்ஜிங்) போயிருந்தார். அங்கே அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷனுக்கு வழக்கமான மரப்பு ஊசியைத்தான் போட்டார்கள். அதன் பிறகு வயிற்றில் உபாதை ஏற்பட்டபோது, வலது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி குத்தினார்கள். உபாதை தணிந்தது என்று அவர் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். மயக்க மருந்தே இல்லாமல் அவருக்கு ஆபரேஷன் செய்ததாகச் சிலர் கதை கட்டி விட்டார்கள். அது சரியல்ல.

ஆயிரம் பேருக்குச் சோதனை

ஜெர்மனியில் முழங்கால் வலிக்காரர்கள் சுமார் ஆயிரம் பேரை மூன்று பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு முறைப்படி ஊசி. இன்னொரு பிரிவுக்கு, வேண்டுமென்றே வேறு இடங்களில் லேசாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு ஊசியே இல்லை; டாக்டர் ஆலோசனையும் வலி மாத்திரையும்தான்.

26 வாரம் கழித்துப் பார்த்தார்கள். சரியான இடத்தில் குத்தியவர்களில் 100-க்கு 53 பேருக்கு நல்ல குணம். வேறு இடத்தில் குத்தியவர்களில் 51 பேருக்கு! ஊசி போடாதவர்களில் 29 பேருக்குத்தான்.

அப்படியானால் 'கன்றுக்குட்டி மூக்கு' எதற்கு? சண்டையே இங்கேதான். குத்துவதே போதும், இடம் முக்கியமல்ல என்கிறார்கள் சிலர். வைத்தியர் தொட்டுக் கவனித்ததும், குணமாகும் என்ற நம்பிக்கையும்தான் வேலை செய்தன என்கிறார்கள் வேறு சிலர். அமெரிக்க மூட்டு நோய் டாக்டர்கள் சங்கம் 2019-ல் "விரும்பினால் செய்து பார்க்கலாம்" என்ற அளவில் ஒப்புக்கொண்டது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2022-ல் "வேண்டாம்" என்று சொல்லி விட்டது. எப்படியானாலும் தேய்ந்த குருத்தெலும்பு ஊசியால் வளராது. வலி குறையலாம், அவ்வளவுதான்.

கஷாயத்தில் எச்சரிக்கை!

ஊசியோடு கஷாயமும் கொடுப்பது உண்டு. சுன் சுமியாவ் என்ற வைத்தியர் ஏழாம் நூற்றாண்டில் எழுதி வைத்த 15 சரக்குக் கஷாயம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் லவங்கப்பட்டை, அதிமதுர வகை எல்லாம் உண்டு. 'மாட்டு முழங்கால்' என்ற ஒரு வேரும் உண்டு. அந்தச் செடியின் கணு மாட்டின் முழங்காலைப் போல் புடைத்திருக்கும். நம் வேலி ஓரத்து நாயுருவிக்கு அது நெருங்கிய இனம்.

ஆனால் எல்லா மூலிகையும் சாது அல்ல. மூட்டு வலிக்குச் சீனர்கள் சேர்க்கும் ஒரு கிழங்கு நாபி இனத்தைச் சேர்ந்தது. கடும் விஷம். நெடுநேரம் வேக வைத்துப் பக்குவம் செய்யாவிட்டால் நெஞ்சுத் துடிப்பே தாறுமாறாகி விடும். இதனால் ஹாங்காங்கில் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

பெல்ஜியத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. மூட்டு வீக்கத்துக்குக் கொடுக்கும் ஒரு சீன வேரை அந்த மருந்தில் சேர்த்திருந்தார்கள். அதற்குப் பதிலாக, கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட வேறொரு வேர் கலந்து விட்டது!

ஆகவே பெயர் தெரியாத பொடியை வாங்கி விழுங்கக் கூடாது. ஊசி குத்திக் கொள்பவர்கள், தங்கள் கண் முன்னே புது ஊசி பிரிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதை முன்பே சொல்லி விட வேண்டும். முழங்கால் சிவந்து, வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து வந்தால் ஊசி வைத்தியரைத் தேடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஊசியும் கஷாயமும் பிடிக்காதவர்களுக்குச் சீனாவிலிருந்தே வேறொன்றும் வந்திருக்கிறது. அதன் பெயர் 'தாய் சீ'. காலையில் பூங்காக்களில் கிழவர்களும் கிழவிகளும் கூடுவார்கள். தண்ணீருக்குள் நடப்பது போல் மெல்ல மெல்லக் கையையும் காலையும் அசைப்பார்கள். அமெரிக்காவில் முழங்கால் வலி உள்ள 204 பேரில் ஒரு பாதிக்கு இதைக் கற்றுக் கொடுத்தார்கள். மறு பாதிக்கு ஆஸ்பத்திரி உடற்பயிற்சி. 2016-ல் முடிவு வந்தது. 12 வாரத்தில் இரண்டு பிரிவுக்கும் ஒரே அளவு வலி குறைந்திருந்தது!