செருப்பில்லாத தோழன்

பிழைப்பை நாடித் தலைநகர் தில்லிக்கு வந்து குடியேறிய நம்மவர், இங்குள்ள பருவங்களுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளத் தவறுவதில்லை. குளிர் வருமுன்பே பெட்டியிலிருந்து கம்பளிச் சட்டைகள் வெளிவருகின்றன. கோடை தொடங்குமுன்பே ஜன்னலில் கூலர் ஏறிவிடுகிறது. மழைக்காலத்துக்கெனக் குடையும் ரப்பர்ச் செருப்பும் வாசலில் காத்திருக்கின்றன. ஆனால் அதே வாசலில் படுத்திருக்கும் நாய்க்கோ பன்னிரண்டு திங்களும் ஒரே செருப்புத்தான். அது பிறவியிலேயே அணிந்து வந்த பாதம். அதைக் கழற்றி வைக்கவும் இயலாது. தேய்ந்தால் மாற்றவும் இயலாது.

நம் தென்னாட்டுச் சிற்றூர்களை எண்ணிப் பாருங்கள். இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகிய ஊர்ப் பெயர்களைத் தாங்கிய நம் நாய்கள் செம்மண்ணிலும் கரிசலிலும் ஓடித் திரிந்தவை. மண்ணே அவற்றின் நகத்தைத் தேய்த்தது. நடுப்பகலில் எந்த மரத்தடியில் படுப்பது என்பதை நாயே முடிவு செய்தது. இங்கோ அடுக்குமாடி வீட்டில் வாழும் நாயின் சங்கிலி நம் கையில் இருக்கிறது. எப்பொழுது நடப்பது, எவ்வழியே நடப்பது என்பதை நாமே முடிவு செய்கிறோம். ஆகவே அதன் பாதத்தைக் காக்கும் பொறுப்பும் நம்மையே சார்ந்ததன்றோ?

முதலில் அப்பாதத்தின் அமைப்பைச் சிறிது அறிவோம். நாய் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. பின்னங்காலில் பின்னோக்கி மடிந்திருக்கும் மூட்டை நாம் முழங்கால் என்று எண்ணுகிறோம். உண்மையில் அஃது அதன் கணுக்காலும் குதிகாலுமாகும். ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல்களுக்கு நான்கு சிறு மெத்தைகளும், அவற்றின் பின்னே ஒரு பெரிய மெத்தையும் உண்டு. முன்னங்கால்களில் சற்று மேலே மற்றுமொரு சிறு மெத்தையும் காணலாம். தடித்த தோலும், அதனடியில் அதிர்ச்சியைத் தாங்கும் கொழுப்பும் சேர்ந்து அமைந்தவை இவை. எவ்வளவு தடித்ததாயினும் தோல் தோலே. அது வெந்தால் கொப்புளிக்கும், ஊறினால் புண்ணாகும், வறண்டால் வெடிக்கும். இம்மூன்று துன்பங்களும் வடநாட்டின் மூன்று பருவங்களோடு ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

கோடையை முதலில் எடுத்துக்கொள்வோம். 2024 மே 29 அன்று தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. காற்றின் வெப்பம் 31 டிகிரி அளவில் உள்ள நாளிலேயே, வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 60 டிகிரியை எட்டக்கூடும். அவ்வாறாயின் மே, ஜூன் மாதங்களில் சாலையின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? செருப்பணிந்து நடக்கும் நமக்கு அது தெரிவதில்லை. சோதித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. புறங்கையைச் சாலையில் வைத்து, ஒன்று முதல் ஏழு வரை நிதானமாக எண்ணுங்கள். கை பொறுக்கவில்லையெனில் நாயின் காலும் பொறுக்காது. கோடையில் விடியற்காலையே நடைக்கு உகந்த நேரம். பொழுது சாய்ந்த பின்னரும் தார் நெடுநேரம் சூட்டை விடாதாகையால், மாலையிலும் கை வைத்துப் பார்த்த பின்னரே இறங்குக. நாயை அழைத்துச் செல்லக் கூலிக்கு ஆள் வைத்திருப்போர், அவருக்கு ஒழிந்த நேரமான நண்பகலில் நாயை அனுப்பிவிடலாகாது. அவர் காலும் கால்தானே!

பாதம் வெந்துவிட்டால் உடனே குளிர்ந்த நீரைப் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் மெல்ல ஊற்றுக. பனிக்கட்டி வேண்டா, நெய், பற்பசை, மை முதலியவையும் வேண்டா. தூய துணியால் தளர்வாகச் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே முறை.

ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ மழை வருகிறது; நம் மனமும் குளிர்கிறது. ஆயினும் நாயின் விரலிடுக்குகளுக்கு இதுவே கடினமான காலம். ஈரம் உலராத இடுக்கில் பூஞ்சை வளரும். தோல் சிவந்து, ஒருவகைப் புளித்த நாற்றம் வீசும். நாய் ஓயாமல் காலை நக்கும். வெண்ணிற நாயாயின் எச்சில் பட்ட உரோமம் செம்பழுப்பாக மாறுவதைக் காணலாம். வெளியே சென்று திரும்பியதும் பாதங்களை வெறும் நீரில் கழுவி, ஒவ்வோர் இடுக்கையும் பழந்துணியால் ஒற்றி உலர்த்துதல் வேண்டும். கழுவுவதைவிட உலர்த்துவதே முக்கியம். பொமரேனியன் போன்ற சடை நாய்களுக்கு மெத்தைகளின் நடுவே வளரும் உரோமத்தை நுனி மழுங்கிய கத்தரியால் குறைத்து வைத்தால் ஈரமும் தங்காது, வழவழப்பான தரையில் காலும் வழுக்காது.

உண்ணிகள் ஒளிந்துகொள்ள விரும்பும் இடங்களில் விரலிடுக்கும் ஒன்று. உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நில்லாது, உயிரைப் பறிக்கவல்ல காய்ச்சல்களையும் நாய்க்குக் கொடுத்துவிடும். இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் தீங்கே தரும். மழைக்காலத்தில் சிறு காயத்தையும் திறந்து விடலாகாது. ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு வைத்துவிடக்கூடும்.

இவ்விடத்தில் நம் குடும்பத்தையே தொடும் செய்தி ஒன்றுண்டு. தேங்கிய நீரில் எலிகளின் சிறுநீர் கலந்திருந்தால், பாதத்திலுள்ள சிறு கீறல் வழியாகவும் எலிக்காய்ச்சல் கிருமி நாயின் உடலுட் புகும். அந்நாயின் சிறுநீர் வழியாக அது மனிதரையும் பற்றக்கூடும். மும்பைவாழ் அன்பர்கள் இதன் கொடுமையை அறிவர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது; வெள்ளம் வடிந்தபின் அந்நகரில் எலிக்காய்ச்சல் பரவியது. நாய்களுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி உண்டு. ஆண்டுதோறும் அதைத் தவறாமல் போடுவதும், தேங்கிய நீரில் நாயை இறக்காதிருப்பதும் நம் பிள்ளைகளுக்கும் காப்பாகும்.

மழை நின்று தீபாவளி வரும்பொழுது தெருவெங்கும் கருகிய மத்தாப்புக் கம்பிகளும் உடைந்த அகல்களும் சிதறிக் கிடக்கும். காய்ந்த புல்லின் கூரிய விதைகள் விரலிடுக்கில் தைத்து, உள்ளே உள்ளே ஊர்ந்து சீழ் வைப்பதும் உண்டு. நாய் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்கினால், அங்கே காரணம் ஒன்று இருக்கிறதென்று கொள்க.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வறண்ட குளிரால் மெத்தைகள் வெடிக்கின்றன. தென்னாட்டிலிருந்து வந்த குட்டை உரோம நாய்களுக்கு இக்குளிர் பெருஞ்சோதனை. படுக்கச் சாக்கோ பழங்கம்பளியோ விரித்து, மொசைக் தரையினின்றும் அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். ஹீட்டரை ஒட்டிப் படுக்கவிட்டால் தோல் மேலும் வறளும். இரவில் பாதத்தைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் இரண்டொரு துளி தடவலாம். நாய் அதை நக்கினாலும் அவ்வளவில் கேடில்லை. மிகுதியானால் வயிறு இளகும். ஆழமாக வெடித்து இரத்தம் கசிந்தால் மருத்துவரே பார்க்க வேண்டும். இரு நாசியும் பாதமும் ஒருங்கே தடித்து இறுகி, காய்ச்சலும் சளியும் தோன்றினால் அது டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயாக இருக்கக்கூடும், காலம் தாழ்த்தலாகாது.

எப்பருவத்துக்கும் உரிய சில விதிகளையும் கூறுவோம். நடக்கையில் தரையில் ‘டக் டக்’ என்று ஒலி கேட்டால் நகம் நீண்டுவிட்டதென்று அறிக. நகத்தினுள்ளே இரத்த நாளம் ஓடுவதால் நுனியை மட்டும் சிறிது சிறிதாக வெட்டுக. தரையைத் தொடாத கட்டைவிரல் நகம் தேய வழியின்றிச் சுருண்டு சதைக்குள் பாய்ந்துவிடும், அதை மறவாதீர். பினாயில் இட்டுத் துடைத்த தரை நன்கு உலருமுன் நாயையோ பூனையோ அதில் நடக்கவிடாதீர். அவை காலை நக்குகையில் நஞ்சு உள்ளே போகும். கற்பூரம் கலந்த தலைவலித் தைலங்களும் அவ்வாறே விலக்கத்தக்கவை. நாம் உண்ணும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் அறவே கூடாது. ஐபுபுரோஃபென் போன்றவை அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும்.

வலியுற்ற நாய், அன்பு மிகுந்ததாயினும், தன்னையறியாமல் கடிக்கக்கூடும். கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது மருத்துவரை நாடுக. வெறிநாய்க்கடித் தடுப்பூசியில் அசட்டை கூடாது.

இவையனைத்தும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, மெத்தை, இடுக்கு, நகம் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். குட்டிப்பருவத்திலேயே இதற்குப் பழக்கினால் நாய் முரண்டு பிடிக்காது. பெரியவர் ஒருவர் அருகிருக்க, வீட்டுப் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாம். பேசாத உயிரின் துன்பத்தைக் கேளாமலே கண்டறியும் பழக்கம் அவர்களுக்கு இளமையிலேயே அமையும்.

நாய் வலியை எளிதில் காட்டிக்கொள்வதில்லை. அது நொண்டத் தொடங்குகையில் நோய் முற்றியிருத்தலும் கூடும். நம் சங்கிலிக்குக் கட்டுப்பட்டு, நாம் நடத்தும் வழியெல்லாம் வெறுங்காலோடு வரும் அத்தோழனின் பாதத்தை இன்றிரவே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.