வெள்ளம் வடியும்வரை வீடு தாங்குமா?

திருநீர்மலை சொல்லித் தரும் சிக்கனப் பாடம்

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரம், குரோம்பேட்டைக்கு மேற்கே ஒரு சின்ன மலை. அதுதான் திருநீர்மலை. நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான் என்று பெருமாளை 4 கோலங்களில் இங்கே பார்க்கலாம்.

இந்த மலைக்கு ஏன் நீர்மலை என்று பெயர் வந்தது?

திருமங்கை ஆழ்வார் பெருமாளைக் கும்பிட வந்தார். மலையைச் சுற்றி ஒரே வெள்ளம். மேலே ஏற வழி இல்லை. ஆழ்வார் திரும்பிப் போகவில்லை. எதிரே தங்கினார். 6 மாதம் காத்திருந்தார். வெள்ளம் வடிந்தது. மலை ஏறினார். தலபுராணம் கூறும் கதை இது.

கதையைக் கேட்டதும் பக்தர்கள் மெய்மறப்பார்கள். ஆனால் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு ஒரு கேள்வி எழும். "6 மாதம் காத்திருந்தாரே, சாப்பாட்டுக்கு என்ன செய்தார்?"

நல்ல கேள்வி! குடும்பத்துக்கும் வெள்ளம் வரும். வேலை போகும். சம்பளம் குறையும். நோய் வரும். விலைவாசி ஏறும். அந்த வெள்ளம் வடியும்வரை வீடு தாங்குமா?

21 நாள் என்றார்கள்

2020-ம் ஆண்டு மார்ச் 24-ந்தேதி இரவு. நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையின் பட்டறைகள் ஓய்ந்தன. நாகல்கேணி தோல் தொழிற்சாலைகள் மூடின. குரோம்பேட்டைக் கடைவீதி வெறிச்சோடியது.

21 நாளில் முடிந்ததா? இல்லை. மே மாதம் முழுவதும் நீண்டது. ஜூன் 19-ந்தேதி முதல் 30-ந்தேதி வரை சென்னையிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் மறுபடியும் முழு ஊரடங்கு. ரேஷன் அட்டைக்கு அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசமாகக் கிடைத்தன. ஆனால் வாடகைக்கும் வட்டிக்கும் ஊரடங்கு கிடையாதே!

அப்போது பல வீடுகளில் சிக்கனம் தொடங்கியது. எங்கே தொடங்கியது தெரியுமா? அம்மாவின் தட்டில்!

"உனக்கு எங்கே சோறு?"

"என்னங்க, நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

"உனக்கு எங்கே சோறு?"

"எனக்குப் பசியே இல்லைங்க."

இந்தப் பேச்சு எந்த வீட்டில் நடக்கவில்லை? கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதைச் சாப்பிடுகிறாள் தாய். முதலில் அவளுடைய பால் நிற்கிறது. பிறகு மருந்து நிற்கிறது. இதைச் சிக்கனம் என்று நினைக்கிறோம். இது சிக்கனம் அல்ல; பட்டினி. இன்று மிச்சப்படுத்திய பணத்தை நாளை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிவரும்.

1965-ம் ஆண்டு நாட்டில் கடும் உணவுத் தட்டுப்பாடு. பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி, "வாரத்தில் ஒருவேளை உணவை விட்டுக்கொடுங்கள்" என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை மாலையில் ஓட்டல்கள்கூட அடுப்பை அணைத்தன. ஊருக்குச் சொல்லும் முன்பு தம் வீட்டில்தான் முதலில் அதைச் செய்து பார்த்தார் என்று சொல்வார்கள்.

குடும்பத்துக்கும் அதுதான் முறை. செலவைக் குறைப்பது என்றால் குடும்பத் தலைவரிடம் இருந்து தொடங்க வேண்டும். எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். அம்மா மட்டும் தனியாகச் சுமக்கக்கூடாது.

ஒரு நோட்டு, ஒரு பென்சில்

பேசுவதற்கு முன்னால் கணக்கு வேண்டும். உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 2 குழந்தைகள். மாதம் 20,000 ரூபாய் வருமானம்.

வாடகை 6,000. அரிசி, மளிகை, பால், காய்கறி 7,000. பள்ளிக்கூடம், பஸ் 2,000. கியாஸ், மின்சாரம் 1,500. போன் 500. டீக்கடை, ஓட்டல், மற்ற சில்லறைச் செலவு 1,000. முன்பு வாங்கிய 40,000 ரூபாய் கடனுக்கு வட்டி 2,000. வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போய்விட்டது.

திடீர் என்று பட்டறையில் வேலை குறைகிறது. சம்பளம் 15,000 ரூபாய் ஆகிறது. 5,000 ரூபாய் துண்டு விழுகிறது. எதைக் குறைப்பது?

கை முதலில் பால் பாக்கெட்டை நோக்கிப் போகிறது. நிறுத்துங்கள்! தினம் அரை லிட்டர் பாலை நிறுத்தினால் மாதத்துக்கு ஏறக்குறைய 600 ரூபாய்தான் மிச்சம். அதற்குக் குழந்தையின் பாலைப் பறிக்க வேண்டுமா? நோட்டை இன்னொரு தடவை பாருங்கள். வட்டி 2,000 என்று இருக்கிறதே!

சாப்பிடாத சாப்பாடு

"5 வட்டி" என்று சாதாரணமாகச் சொல்லி விடுகிறோம். 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். ஒரு வருடத்துக்கு 60 ரூபாய்! 20 மாதம் கட்டினால் வட்டியே 40,000 ரூபாய் ஆகிவிடும். அசல் 40,000 ரூபாயோ அப்படியே நிற்கும். யாரும் சாப்பிடாத சாப்பாட்டுக்குக் கொடுக்கும் விலை இது.

பெட்டியில் ஒரு சங்கிலியோ கம்மலோ இருந்தால், அதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைக்கலாம். அங்கே வட்டி பெரும்பாலும் மாதம் ஒரு ரூபாய்க்குள்தான் இருக்கும். அந்தப் பணத்தால் வெளிக்கடனை அடைத்துவிட்டால் 2,000 ரூபாய் வட்டி 400 ரூபாயாகக் குறையும். மாதம் 1,600 ரூபாய் மிச்சம்! தவணையை மறக்காமல் கட்டுங்கள். மறந்தால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

நகை இல்லாதவர்கள் என்ன செய்வது? மகளிர் சுய உதவிக்குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-ம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், இன்று தெருவுக்குத் தெரு பரவி இருக்கிறது. அளவுக்கு மீறி வட்டி வாங்குவது குற்றம் என்று தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில்லறையும் சேரும்

டீக்கடை, ஓட்டலில் 700 ரூபாயைக் குறைக்கலாம். இது பெரும்பாலும் ஆண்களின் கணக்கு. வருத்தப்பட வேண்டாம்!

2021-ம் ஆண்டு மே மாதம், சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. அந்த வசதியைப் பயன்படுத்தினால் பஸ் செலவில் 400 ரூபாய் குறையும்.

ரேஷன் அரிசியை வாங்கி விற்றுவிடாதீர்கள். இட்லிக்கும் தோசைக்கும் அதுவே போதும். பண்டிகைப் பலகாரத்துக்கு வாங்கும் மளிகையையும் கொஞ்சம் குறையுங்கள். மளிகையில் 600 ரூபாய் மிஞ்சும். பருப்பு, முட்டை, கீரையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

மின்சாரத்துக்கு உபயோகம் கூடக்கூட, யூனிட்டின் விலையும் கூடும். ஆகவே கடைசி யூனிட்டுகள்தான் விலை அதிகம். விசிறியையும் விளக்கையும் அணைப்பது கஞ்சத்தனம் அல்ல. கியாசும் மின்சாரமும் சேர்த்து 300 ரூபாய் குறையட்டும்.

இப்போது கூட்டுங்கள். 1,600, 700, 400, 600, 300. மொத்தம் 3,600 ரூபாய். ஒரு சொட்டுப் பாலைக்கூடக் குறைக்கவில்லை!

இன்னும் 1,400 ரூபாய் துண்டு விழுகிறதே? ஆம். இனி வெட்ட இடம் இல்லை. அதற்குமேல் வெட்டினால் உடம்பில்தான் வெட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் சேமிப்பு கைகொடுக்க வேண்டும்.

அரிசிப் பானையில் இருந்த வங்கி

நம் பாட்டிமார்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அஞ்சறைப் பெட்டியில் சில்லறையை ஒளித்து வைப்பார்கள். அதற்குச் சிறுவாடு என்று பெயர். கணவருக்கும் தெரியாத பணம். ஆனால் கணவருக்கு ஆபத்து என்றால் முதலில் வெளியே வரும் பணம்!

2016-ம் ஆண்டு நவம்பர் 8-ந்தேதி இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அரிசிப் பானைகளில் இருந்த சிறுவாடு எல்லாம் ஒரே இரவில் வெளியே வந்தது. "இவ்வளவு வெச்சிருந்தியா!" என்று கணவன்மார்கள் வாயைப் பிளந்தார்கள். பல பெண்கள் அதை மாற்ற வரிசையில் நின்று தவித்தார்கள். சேர்த்தது சரி, வைத்த இடம்தான் சரியில்லை. இனி அதை உங்கள் பெயரிலேயே தபால் நிலையத்திலோ வங்கியிலோ போடுங்கள். தபால் நிலையத் தொடர் சேமிப்பை மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம்.

எவ்வளவு சேர்க்க வேண்டும்? மாதம் 1,400 ரூபாய் பற்றாக்குறை. ஆழ்வார் காத்திருந்த 6 மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள். 8,400 ரூபாய். தினம் 20 ரூபாய் எடுத்து வைத்தால் 420 நாளில் சேர்ந்துவிடும். செலவைக் குறைக்காமல் இருந்தால் அதே 6 மாதத்துக்கு 30,000 ரூபாய் தேவைப்படும். அதற்கு மறுபடியும் 5 வட்டிதான்!

அடிவாரத்தில் ஒரு காட்சி

முகூர்த்த நாளில் திருநீர்மலைக்கு வந்து பாருங்கள். மாலையும் கழுத்துமாக மணமக்கள் வருவார்கள். சாமி சன்னதியில் தாலி கட்டி, நெருங்கிய சொந்தத்துடன் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். அவர்கள் முகத்தில் மகிழ்ச்சிக்குக் குறைவு இல்லை. ஒருநாள் மேளத்துக்கு ஊரெல்லாம் கடன் வாங்கி, 10 வருடம் வட்டி கட்டும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு நோட்டை எடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். முதல் வரியில் வருமானம். இரண்டாவது வரியில் வட்டி. மற்றவை பிறகு.

அதற்கு முன்பு ஒன்று. இன்று அம்மா சாப்பிட்டாளா என்று பாருங்கள்.