மயிலை நெய்யும் அட்டை!

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையம், பட்டு நெசவாளர்கள் வாழும் பகுதி. அங்கே பல தறிகளின் தலைக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகள் மாலை போலத் தொங்கும். புடவைக் கரையில் மயிலும் அன்னமும் வருவது அந்த அட்டைகளால்தான்!

முன்பு "அடை"

ஒரு காலத்தில் அட்டை கிடையாது. தறியிலேயே நூல்களை முடிந்து உருவத்தைக் கட்டி வைப்பார்கள். இதற்கு "அடை" என்று பெயர். உதவியாள் நூலை இழுத்துக் கொடுக்க, நெசவாளர் நாடாவை ஓட்டுவார்.

பிரான்சிலிருந்து வந்த பெட்டி

பிரான்சு நாட்டில் லியோன் என்ற பட்டு நகரம் இருக்கிறது. அங்கே ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ல் இந்தப் பெட்டியை உருவாக்கினார். அவர் பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது.

அட்டையில் துளை இருந்தால் கொக்கி மேலே எழும். அதோடு பாவு நூலும் எழும். துளை இல்லாவிட்டால் நூல் கீழேயே நிற்கும். ஒரு ஊடை நூலுக்கு ஒரு அட்டை. அவ்வளவுதான்!

பெட்டி மாறினால்?

இங்கேதான் சிக்கல். 120 கொக்கிப் பெட்டிக்குக் குத்திய அட்டை 240 கொக்கிப் பெட்டிக்கு உதவாது. துளைகளின் வரிசை வேறு. மயில் அதே மயில்தான். ஆனால் புதுப் பெட்டிக்கு அதன் எழுத்து புரியாது!

அட்டைகளை மறுபடியும் குத்த வேண்டும். ஒரு துளை தவறினால் மயிலின் கழுத்தில் பிசகு விழும். புடவை முழுவதும் அந்தப் பிசகு திரும்பத் திரும்ப வரும்.

இப்போது அட்டையே வேண்டாத மின்னணு ஜக்கார்டும் வந்துவிட்டது. அதற்கும் பழைய அட்டை புரியாது.

கம்ப்யூட்டருக்கும் அதே பாடு

1890-ல் அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கை எண்ண உதவியதும் துளை அட்டைதான். ஹோலரித் என்பவர் அதற்கான இயந்திரத்தைச் செய்தார். பின்னால் வந்த கம்ப்யூட்டர்களும் துளை அட்டையைப் படித்தன.

எழுத்து மாறும் தொல்லையும் கூடவே வந்தது. இணையப் பக்கங்களை அமைக்க உதவும் "துருபல்" என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு, 2015-ல் தன் எட்டாம் பதிப்பில் குறிகளை எழுதும் முறையை மாற்றியது. பழைய பக்க அச்சுகளைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.

கட்டத்தாள் பத்திரம்!

அட்டை கிழியும். பெட்டி மாறும். ஆனால் உருவத்தைக் கட்டம் கட்டமாக வரைந்த தாள் இருந்தால், எந்தப் பெட்டிக்கும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். தாள் இல்லாவிட்டால் பழைய புடவையை விரித்து நூல் நூலாக எண்ண வேண்டும். புடவையும் இல்லாவிட்டால்? அந்த மயில் பறந்தது பறந்ததுதான்!

பரணில் கிடக்கும் பழைய கட்டத்தாள் குப்பை அல்ல. பாட்டன் போட்ட கரையைப் பேரன் நெய்ய, அதுவே சொத்து.