துருவேறிய வண்டியும் தட்டிப் பார்க்கும் சுத்தியலும்

அரியலூர் வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் கிளப்பும் புழுதி, வண்டிகளின் அடிப்பாகத்து இடுக்குகளில் படிந்து, மழைக்காலத்து ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளுமாதலால், புதுவர்ணம் பூசிப் பளபளவென்று நிற்கும் பழைய ஜீப்பொன்றைப் பெரம்பலூரில் விலை பேசுகிறவர், முதலில் குனிந்து அதன் அடிவயிற்றைப் பரிசோதிப்பதே விவேகம்.

இரும்பு, பிராணவாயுவோடும் நீரோடும் கலந்து தன் சுபாவத்தை இழப்பதே துரு. அது மேல்தோலோடு நின்றால், சுரண்டி ரெட் ஆக்சைடு பூசலாம். கதவும் தரைத்தகடும் அரித்துப்போயிருந்தாலும், டிங்கரிங் பட்டறையில் வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் அரித்திருந்தால் விஷயமே வேறு. சிறு சுத்தியலால் தட்டினால் கணீரென்ற நாதம் எழவேண்டும். மந்தமாய் ஒலித்தாலோ, ஏடேடாய் உதிர்ந்தாலோ, பட்டை வில்லைத் தாங்குமிடத்தில் விரிசல் கண்டாலோ, எவ்வளவு மலிவாயினும் அவ்வண்டி வேண்டாம். இரும்புத் தகட்டில் துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில், ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருக்கக்கூடும்.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காருக்கோ தனிச் சேஸிஸ் கிடையாது; உடற்கூடே முதுகெலும்பாதலால், அதில் துரு இன்னும் அபாயகரமானது.

சொந்த உபயோக வண்டியின் பதிவை, 15 ஆண்டு கழிந்தபின் 5 ஆண்டுக்கொருமுறை தகுதிச் சான்றான எஃப்.சி. பெற்றுப் புதுப்பிக்கவேண்டும். அச்செலவையும் பட்டறைக் கூலியையும் விலையோடு கூட்டிய தொகைக்குத் துருவற்ற வண்டியே கிடைக்குமாயின், அதையே வாங்குங்கள். சேஸிஸில் பொறித்த எண்ணைத் துரு தின்றிருந்தால் பதிவுச் சான்றான ஆர்.சி.யோடு ஒப்பிட இயலாது. முன்பணம் கொடுக்குமுன் அந்த எண்ணை உங்கள் கண்ணாலேயே படித்துவிடுங்கள்.