சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

'இடதுசாரி' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பல்கலைக்கழகத்தில் அரசியல் பொருளாதாரத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன் என்றதும், "படிச்சுக்கோ, ஆனா அந்தப் பேச்செல்லாம் வெளியில வேண்டாம்" என்றார் அப்பா. எந்தப் பேச்சு என்று அவர் விளக்கவில்லை.

பாட்டிதான் விளக்கினார். அவருடைய அப்பா குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை நடக்கும். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்பதற்காக, பால் வெட்டுகிறவர் பசிக்கு ஒரு பிடி சோறு கூட மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது. அந்தக் காலத்தில் பழகிய பயம் மூன்று தலைமுறை தாண்டி அப்பாவிடம் வந்து நிற்கிறது.

உண்மையில் அந்தச் சொல்லுக்குள் அப்படி ஒன்றும் பூதம் இல்லை. 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில், மன்னரின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் தலைவரின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். பெயர் வந்த கதை அவ்வளவுதான். என்னைக் குடைந்த கேள்வி வேறு. ஒருவர் எப்படி அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறார்? புத்தகம் படித்தா? யாராவது மூளைச்சலவை செய்தா? நம் நாட்டு வரலாற்றில் அப்படிப் போனவர்களைத் தேடிப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: பெரும்பாலும் அவமானம் முதலில் வருகிறது, புத்தகம் பிறகு வருகிறது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். தமிழ்த் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகள் ஒரு நீண்ட பட்டியல். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வியும் மருத்துவ வசதியும் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண் தொழிலாளர்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும், சங்கம் வைக்க அனுமதி வேண்டும். இவற்றோடு ஒரு கோரிக்கை சேர்ந்தே இருந்தது. துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

இந்த ஒரு வரியைப் படித்த அன்று வேறு எதையும் என்னால் படிக்க முடியவில்லை. நினைத்துப் பாருங்கள். கூலியில் மிச்சம் பிடித்து ஒருவர் சைக்கிள் வாங்குகிறார். தோட்டத்தில் அது ஒரு பெரிய சொத்து. மாலையில் மகனை முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். எதிரே துரையின் கார் வருகிறது. உடனே இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நிற்க வேண்டும். துரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் மகன் பார்க்கிறான். கூலி குறைவு என்பதைக் கணக்குப் போட்டு அறிந்துகொள்ளலாம். இதற்குக் கணக்கே தேவையில்லை. அந்தப் பட்டியலில் மார்க்ஸ் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் மலாயாத் தமிழரின் இடதுசாரி அரசியலுக்குத் தொடக்கம் எது என்று என்னைக் கேட்டால், அந்தச் சைக்கிளைத்தான் காட்டுவேன்.

வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. படை வரவழைக்கப்பட்டு ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பிறகு அந்தக் கோபம் தொழிற்சங்கமாக உருவெடுத்தது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி ஒரு தமிழர். 1948 ஜூனில் அந்தச் சம்மேளனம் செயல்பட முடியாமல் போனது. அதே மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அப்பாவின் குரல் ஏன் தாழ்கிறது என்பது எனக்கு இப்போது புரிகிறது.

என் அண்ணன் ஜொகூர் பாருவில் மோட்டாரில் உணவு விநியோகம் செய்கிறான். போன வருடம் மழையில் சறுக்கி விழுந்து கால் ஒடிந்தது. இரண்டு மாதம் படுக்கை. ஒரு வெள்ளி வருமானம் இல்லை. அவன் 'ஊழியர்' இல்லையாம், 'பங்காளி'யாம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: மெதுவா ஓட்டியிருக்கணும். பாட்டி மட்டும் வேறொன்று சொன்னார். "எங்க காலத்துல மழை பெஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா கூலி இல்ல. மழை எங்க தப்பா?"

பாட்டி எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. மழைக்கும் கால் ஒடிவதற்கும் யார் பொறுப்பு என்று அவர் கேட்கவில்லை. நட்டத்தை எப்போதும் ஏன் ஒரே பக்கம் சுமக்கிறது என்றுதான் கேட்டார். வேதனையைப் பார்த்து இரக்கப்படுவது ஒன்று. வேதனை இப்படித்தான் பங்கிடப்பட வேண்டும் என்று யார் ஏற்பாடு செய்தது என்று கேட்பது இன்னொன்று. முதலாவது நம்மை நன்கொடை கொடுக்க வைக்கும். இரண்டாவது இடப்பக்கம் கொண்டுபோய் விடலாம்.

இந்த இரண்டாவது கேள்வியை விடாமல் துரத்திய ஒருவர் நம் ஜொகூர் பாருவில் வளர்ந்தவர் என்பது எனக்குப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் ஜேம்ஸ் புதுச்சேரி, மலையாளி. இளவயதில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து இம்பால் வரை போனார். திரும்பி வந்து சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1951இல் பிரிட்டிஷ் எதிர்ப்பு நடவடிக்கைக்காகக் கைதானார். வெளியே வந்ததும் 1953இல் பல்கலைக்கழக சோசலிஸ்ட் மன்றம் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1956இல் மீண்டும் சிறை. அங்கே சும்மா இருக்கவில்லை. மலாயாவின் தோட்டங்களும் சுரங்கங்களும் வணிகமும் யார் கையில் இருக்கின்றன, எந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று வரிசையாக ஆராய்ந்து எழுதினார். அது 1960இல் நூலாக வந்தது.

அந்த நூலின் வாதம் இன்றைக்கும் காரமானது. 'சீனர்கள் கையில்தான் பொருளாதாரம்' என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, உயரத்தில் இருப்பவை ஐரோப்பிய முகவர் நிறுவனங்கள் என்று அவர் காட்டினார். சில மலாய்க்காரர்களை முதலாளிகளாக்கினால் மட்டும் ஏழை மலாய்க்காரரின் நிலை மாறிவிடாது என்றும் எழுதினார். 'மலாய்க்காரர்கள்' என்ற இடத்தில் 'இந்தியர்கள்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். நம் சமூகத்தில் எத்தனை பேர் கோடீஸ்வரர் என்ற கணக்கை நாமும் அடிக்கடி போடுகிறோம் அல்லவா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அனுபவம் எல்லாரையும் ஒரே இடத்துக்குக் கொண்டு போவதில்லை. புதுச்சேரி கைதான இரண்டு முறையும் கைதானவர் மலாக்காவில் பிறந்த தேவன் நாயர். இருவரும் 1959இல் விடுதலையானார்கள். புதுச்சேரி 1963இல் மறுபடி பிடிபட்டார், பிறகு கோலாலம்பூரில் வழக்கறிஞரானார். தேவன் நாயர் தீவிர இடதுசாரிகளை விட்டு விலகி, 1981இல் சிங்கப்பூரின் அதிபரானார். கஷ்டப்பட்டவர்கள் எல்லாம் இடதுசாரி ஆவார்கள் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பக்கத்து வீட்டு அண்ணனும் தோட்டத்தில் பிறந்தவர்தான். இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். "உழைச்சா முன்னேறலாம்" என்பதே அவருடைய முழு அரசியலும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் அது நடந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. 1960இல் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடி விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்பது திட்டம். உழைப்பவருக்கே நிலம்! ஆளுங்கட்சித் தலைவர் செய்ததால் அதை யாரும் இடதுசாரி என்று சொல்லவில்லை.

மாணவர்களான நமக்கு நெருக்கமான கதை 1974இல், இதே ஜொகூர் பாருவில் நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தாசேக் உத்தாராவில் புறம்போக்கில் குடியிருந்த ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. போக இடமில்லாத குடும்பங்கள் மாநில அரசு அலுவலகத்தின் முன் கூடாரம் போட்டன. கோலாலம்பூரிலிருந்து மாணவர்கள் துணைக்கு வந்தார்கள், கைதானார்கள். சில வாரங்களில் பாலிங்கில் ரப்பர் விலை சரிவால் பட்டினி என்று சிறுதோட்டக்காரர்கள் திரண்டபோது, டிசம்பர் 3ஆம் தேதி தலைநகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பிடிக்கப்பட்டார்கள். பத்து பகாட்டில் பிறந்த பேராசிரியர் சைட் ஹுசின் அலி இசா சட்டத்தில் ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1975இல் பல்கலைக்கழகச் சட்டம் இறுக்கப்பட்டது. மாணவர் அரசியல் ஏறத்தாழ முடக்கப்பட்டது.

தாசேக் உத்தாரா மக்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தோட்டம் விற்கப்பட்டதும் லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய நம் குடும்பங்களின் கதையும் அவர்கள் கதையும் ஒரே கதை என்று தோன்றிய நாளில்தான் எனக்குள் ஏதோ நகர்ந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு படித்தவர்களுக்கு இரண்டு மொழியிலும் புலம்பல் கேட்டுப் பழக்கம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் கேட்டது அன்றுதான்.

2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வளாகத்துக்குள் அரசியல் பேசத் தடையில்லை. 2022 மார்ச் 12ஆம் தேதி ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான் நாட்டிலேயே முதன்முறையாக 18 வயதினர் வாக்களித்தார்கள். மலேசிய சோசலிசக் கட்சி கோத்தா இஸ்கண்டாரில் மட்டும் நின்றது, வெற்றி கிட்டவில்லை. எனக்கு அப்போது வயது போதவில்லை.

அடுத்த முறை ஓட்டு உண்டு. யாருக்கு என்று முடிவு செய்யவில்லை. வாசலுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும் கேட்பதற்கு இரண்டு கேள்விகளைக் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறேன். மோட்டாரில் சோறு கொண்டு வருபவருக்குக் கால் ஒடிந்தால் அந்த இரண்டு மாதத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது? தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறும்போது அங்கே பால் வெட்டியவருக்கு அதில் ஒரு வீடு உண்டா, இல்லையா?