டயருக்குள் உப்புக் கரைசல்

அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் பழைய டிராக்டரை விலை பேசுகிறவர்கள், இன்ஜினோடு சேர்த்துப் பின்சக்கரத்தின் வால்வையும் குனிந்து பார்ப்பார்கள். அங்கே வெள்ளைப் பொருக்கும் துரு வழிந்த கோடும் இருந்தால், ரிம் உள்ளே அரித்துப்போயிருக்கலாம். அதை அரிப்பது மழைநீர் அல்ல, டயருக்குள் வேண்டுமென்றே அடைத்த உப்புக் கரைசல்.

டயருக்குள் ஏன் தண்ணீர்? கலப்பையை இழுக்கும்போது பின்சக்கரம் மண்ணைக் கவ்விப் பிடிக்க எடை வேண்டும். எடை போதாவிட்டால் சக்கரம் வழுக்கிச் சுழலும். டீசலும் வீண், டயரும் தேயும். ஆரம்பகால டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில் ஓடின. 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் மாடல் யு டிராக்டருக்குக் காற்று டயர் பொருத்தியது. காற்று டயரின் உள்ளே இருந்த காலியிடம், தண்ணீரை அடைத்து எடை கூட்ட வசதியாகிவிட்டது. சக்கரத்தைத் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி திருப்பி, அந்த மட்டம் வரை நிரப்பினால் டயரின் முக்கால் பங்கு நிறையும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. மேடுபள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்குவது மீதிக் கால் பங்கில் உள்ள காற்றுதான். 18.4-38 அளவுள்ள பெரிய டயர் ஒன்று இப்படி ஏறக்குறைய 500 லிட்டர் கொள்ளும்.

தமிழ்நாட்டில் வெறும் தண்ணீரே போதும். குளிர்நாட்டில் அது பனிக்கட்டியாகி டயரைக் கெடுத்துவிடும். அதனால் அங்கே கால்சியம் குளோரைடு என்ற உப்பைக் கலந்தார்கள். சுமார் 30 சதவீதக் கரைசல் மைனஸ் 50 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. தண்ணீரைவிடக் கால் பங்குக்கும் மேல் கனமானது என்பதால் அதே டயரில் எடையும் கூடும். விலையும் மலிவு.

டயருக்குள் கரைசலைத் தாங்கும் டியூப் கிழியாதவரை அது ரிம்மைத் தொடாது. முள்ளோ ஆணியோ குத்தினாலும், வால்வின் அடி தளர்ந்தாலும் சிக்கல் தொடங்கிவிடும். கசியும் கரைசல் டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே தங்கும். மழைக்காலத்தில் ஜாடி உப்பு நீர்த்துப்போவதைப் பார்த்திருப்போம். கால்சியம் குளோரைடு அதைவிடப் பலமடங்கு ஆவலோடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே கசிந்த இடம் எளிதில் காய்வதில்லை. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும் என்பதால் துருப்பிடிக்கும் வேதிவினையும் வேகமாக நடக்கும். குளோரைடு சிறு குழிகளுக்குள் புகுந்து அங்கே அமிலத்தன்மையைக் கூட்ட, குழி ஆழமாகிக்கொண்டே போகும். மேலே பெயின்ட் பளபளக்க, உள்ளே தகடு ஓட்டையாகியிருக்கும்.

பழுது பார்க்கும்போது முதல் வேலை டிராக்டரைக் கெட்டியான தரையில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, அச்சைத் தாங்கி மேல் நிறுத்துவது. பிறகு வால்வைக் கீழே கொண்டுவந்து கரைசலை டிரம்மில் வடிக்க வேண்டும். தரையில் விட்டால் அந்த இடத்தில் பயிர் கருகும். டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து பெயர்த்து, டயர், டியூப் இரண்டையும் கழற்றியாக வேண்டும். டயர் ரிம்மில் இருக்கும்போது வெல்டிங் வைக்கவே கூடாது. காற்றை இறக்கியிருந்தாலும், சூடேறிய ரப்பரிலிருந்து கிளம்பும் எரிவாயு வெடித்து ஆளைக் கொன்றுவிடும்.

கழற்றிய ரிம்மை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவ வேண்டும். குழிகளில் உப்பு மிஞ்சினால் புதுப் பெயின்டுக்கு அடியில் துரு மறுபடி கிளம்பும். மணல் பீய்ச்சியோ கம்பி பிரஷ்ஷாலோ துருவை உதிர்த்த பிறகுதான் சேதத்தின் உண்மையான அளவு தெரியும். வால்வுத் துளையைச் சுற்றி மட்டும் அரித்திருந்தால், உளுத்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனத்தில் வளைத்த தகட்டைப் பற்றவைத்துப் புதிதாகத் துளையிடலாம். உட்புற வெல்டிங் மேட்டை வழவழப்பாக அரைக்காவிட்டால் புது டியூபை அதுவே கிழித்துவிடும். பிறகு பிரைமரும் எபாக்ஸி பெயின்டும் பூசலாம்.

மறுபடி எதை நிரப்புவது? சர்க்கரை பீட்டிலிருந்து சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகு இன்று வட அமெரிக்காவில் விற்பனைக்கு வருகிறது. கால்சியம் குளோரைடு கரைசலுக்கு நிகரான கனம் கொண்டது, ரிம்மை அரிக்காது, ஆனால் விலை அதிகம். திரவமே வேண்டாம் என்பவர்கள் சக்கரத்தின் நடுவே வார்ப்பிரும்பு எடைகளை முடுக்கிக்கொள்கிறார்கள்.

டயரின் ஓரம் அமரும் விளிம்பே அரித்திருந்தாலோ, ரிம்மில் விரிசல் கண்டிருந்தாலோ ஒட்டுப்போட்டுப் பயனில்லை. காற்றழுத்தம் முழுவதையும் தாங்கும் இடம் அது. அது பிளந்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. பல டிராக்டர்களில் நடுத்தட்டு தனி, வெளிவளையம் தனி. போல்ட்டைக் கழற்றி வளையத்தை மட்டும் மாற்றினால் சக்கரம் முழுவதையும் வாங்கும் செலவு மிச்சம்.