இயலாமை உதவித்தொகையும் காத்திருக்கும் காலமும்

பசித்தவனிடம் நாளை விருந்து உண்டு என்று சொன்னால் இன்றைய பசி தீராது. உடல் நலிந்து உழைக்க முடியாமற் போனவர்க்கு அரசு அளிக்கும் உதவியும் அத்தகையதே. உதவி எவ்வளவு என்பதைப் போலவே, அஃது எப்பொழுது கைக்கு வரும் என்பதும் பெரிய வினாவாகும். இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இயலாமைக் காப்பீட்டுத் திட்டம் தக்கதோர் எடுத்துக்காட்டு. அங்கே சட்டம் எழுதப்பட்டிருக்கின்றது. தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து வரியும் செலுத்தியிருக்கின்றனர். எனினும், விண்ணப்பம் செய்தவர் பல மாதங்களும் சில வேளைகளில் ஆண்டுகளும் காத்திருக்க நேர்கின்றது. இதற்குக் காரணம் யாது? காத்திருப்போர் அக்காலத்தை எவ்வாறு கடக்கின்றனர்? இவ்விரண்டையும் ஈண்டுக் காண்போம்.

திட்டம் வளர்ந்த வகை

குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசுவெல்ட் காலத்தில், 1935-ஆம் ஆண்டில், அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அது முதியோர்க்கு ஓய்வூதியம் வகுத்ததேயன்றி, இடைவயதில் உழைப்பாற்றலை இழந்தோர்க்குத் தொகை எதனையும் வகுக்கவில்லை. 1956-ஆம் ஆண்டிலேதான், 50 வயது முதல் 64 வயது வரையுள்ளோர்க்கு மாதத்தொகை வழங்கும் திருத்தம் சட்டமாயிற்று. 1960-இல் 50 வயது என்னும் வரம்பு நீக்கப்பட்டது.

தொடக்கத்திலிருந்தே இச்சட்டத்தில் ஒரு காத்திருப்புக் காலம் அமைந்திருந்தது. முதலில் ஆறு மாதமாக இருந்த அதனை, 1972-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்து மாதமாகக் குறைத்தது. இயலாமை தொடங்கிய பின்னர் ஐந்து முழு மாதங்களுக்குத் தொகை இல்லை என்பது இதன் பொருள். தொகை பெறும் உரிமை தொடங்கி 24 மாதங்கள் கழிந்த பின்னரே ‘மெடிகேர்’ என்னும் அரசு மருத்துவக் காப்பீடு பெரும்பாலோர்க்குக் கிடைக்கும். ஆகவே, விண்ணப்பத்தை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டாலும், சட்டமே விதித்த இக்காத்திருப்பு நீங்குவதில்லை. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்னும் கொடிய நரம்பு நோய்க்கு மட்டும் இவ்விரு காத்திருப்புகளும் நீக்கப்பட்டுள்ளன; ஐந்து மாத விதியை நீக்கிய சட்டம் 2020-இல் நிறைவேறியது.

சொல்லும் பொருளும்

காலத்தாழ்வின் வேர் ஒரு சொல்லின் பொருளில் இருக்கின்றது. ஊனம் என்று நாம் சொல்லும்பொழுது உடலின் ஒரு குறையை நினைக்கின்றோம். அமெரிக்கச் சட்டம் நினைப்பது அதுவன்று. மருத்துவச் சான்றால் மெய்ப்பிக்கத்தக்க நோயோ குறையோ இருத்தல் வேண்டும். அது 12 மாதங்களேனும் நீடிப்பதாகவோ இறப்பில் முடிவதாகவோ இருத்தல் வேண்டும். அதனால் குறிப்பிடத்தக்க ஊதியம் தரும் எவ்வேலையையும் செய்ய இயலாதிருத்தல் வேண்டும். இம்மூன்றும் கூடியதே அச்சட்டம் கூறும் இயலாமை. எனவேதான், இக்கட்டுரையில் ஊனம் என்னாது இயலாமை என்கின்றோம்.

ஒரு தச்சரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு வயது 52. முதுகெலும்பு பழுதுற்று, மரம் தூக்க முடியாத நிலை. அவர் விண்ணப்பத்தின்மேல் ஐந்து வினாக்கள் எழுப்பப்படும். இப்பொழுது அவர் வரம்புக்கு மேல் பொருளீட்டுகின்றாரா? நோய் கடுமையானதா? அரசு வகுத்த நோய்ப் பட்டியலில் அஃது அடங்குமா? அடங்காதாயின், பழைய வேலையை அவரால் செய்ய இயலுமா? இயலாதாயின், அவருடைய வயது, கல்வி, பயிற்சி ஆகியவற்றுக்கு ஏற்ற வேறு வேலை உண்டா? உட்கார்ந்து செய்யும் எளிய வேலையை மட்டுமே செய்ய வல்லவராய், வேறு தொழிலுக்குக் கொண்டு செல்லத்தக்க திறன் அற்றவராய் இருப்பின், 52 வயதான தச்சருக்கு உதவி கிடைக்கும். அதே நோயுடைய 45 வயதினர்க்குப் பெரும்பாலும் கிடைக்காது. உடலைச் சோதித்தால் மட்டும் இவ்வினாக்களுக்கு விடை கிடைத்துவிடாது என்பது தெளிவு. ஒருவருடைய தொழில் வாழ்க்கை முழுவதையும் ஆராய வேண்டியுள்ளது. அதற்கு நாள் பிடிக்கின்றது.

நான்கு படிகள்

முதற்படி, விண்ணப்பம். சமூகப் பாதுகாப்பு நிருவாகம் அதனைப் பெற்று, அந்தந்த மாநிலத்தின் தீர்மான அலுவலகத்திற்கு அனுப்பும். மருத்துவர்கள், மருத்துவமனைகள் ஆகியோரிடமிருந்து ஏடுகள் வந்து சேர வேண்டும். போதாவெனில் புதிய மருத்துவச் சோதனைக்கு அழைப்பர். 2019-ஆம் ஆண்டளவில் சராசரியாக நான்கு மாதங்களில் முடிந்த இப்படி, 2023, 2024-ஆம் ஆண்டுகளில் ஏழு மாதங்களைக் கடந்தது. ஊழியர் பற்றாக்குறை இதற்கு ஒரு முதன்மையான காரணம். இப்படியில் மூன்றில் ஏறத்தாழ இரண்டு விண்ணப்பங்கள் மறுக்கப்படுகின்றன.

இரண்டாம் படி, மறு ஆய்வு. வேறோர் அலுவலர் அதே ஏடுகளையும் புதிய சான்றுகளையும் பார்ப்பார். இங்கும் பெரும்பாலானவை மறுக்கப்படுகின்றன. மூன்றாம் படி, நிருவாகச் சட்ட நீதிபதியின் முன் விசாரணை. விண்ணப்பித்தவர் தம் குறையைத் தம் வாயாலேயே எடுத்துரைக்கும் வாய்ப்பு இங்கேதான் அமைகின்றது. முன்னிரு படிகளிலும் மறுக்கப்பட்ட பலர் இங்கு வெற்றி பெறுகின்றனர். ஆனால் 2017-ஆம் ஆண்டில் இவ்விசாரணை முடிவுக்கு மட்டும் சராசரியாக 600 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் இக்காலம் குறைந்தது. நான்காம் படி, மேல்முறையீட்டு மன்றம். அங்கும் தோற்றால் கூட்டரசு நீதிமன்றத்தை நாடலாம்.

கெடு யாருக்கு?

ஒவ்வொரு மறுப்புக்கும் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்தல் வேண்டும் என்பது விண்ணப்பித்தவர்க்கு விதிக்கப்பட்ட கெடு. அலுவலகத்திற்கு அத்தகைய கெடு உண்டா? வெர்மான்ட் மாநிலத்தில் இக்கேள்வி வழக்காக எழுந்தது. மறு ஆய்வையும் 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், விசாரணையையும் கேட்ட 90 நாட்களுக்குள் நடத்த வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் ஆணையிட்டது. 1984-ஆம் ஆண்டில் ஹெக்லர் – டே வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. காலத்தாழ்வை நன்கறிந்திருந்தும், விரைவு கருதித் தீர்ப்பின் தரம் கெடலாகாது என்று நாடாளுமன்றம் கட்டாயக் கெடுவை ஏற்கவில்லை. ஆதலால் நீதிமன்றம் அதனை விதித்தல் பொருந்தாது என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்றமையே இச்சிக்கலின் அருமையைக் காட்டும்.

தரமும் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் விரைவின்மைக்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2020-இல் அதனைக் கணக்கிட்டது. 2008 முதல் 2019 வரை ஏறத்தாழ 110,000 பேர் மேல்முறையீட்டின் இறுதி முடிவு வருமுன்னரே இறந்தனர். 2014 முதல் 2019 வரை ஏறத்தாழ 48,000 பேர் முடிவை எதிர்நோக்கியிருந்த காலத்திலேயே நொடிப்பு நிலை கோரி நீதிமன்றம் சென்றனர். பிந்தி வந்த தீர்ப்பு எவ்வளவு செம்மையானதாயினும் இவர்களுக்குப் பயன்பட்டிலது.

சில நோய்களைக் கண்ட அளவிலேயே இயலாமை விளங்கிவிடும். அத்தகைய கொடிய புற்றுநோய்களையும் பிற நோய்களையும் பட்டியலிட்டு, அவற்றுக்குச் சில வாரங்களில் முடிவு கூறும் முறை 2008-இல் தொடங்கப்பட்டது. எல்லார்க்கும் ஒரே வரிசை என்னும் முறையைத் தளர்த்தியது இதன் சிறப்பு.

காத்திருப்போர் செய்யத்தக்கவை

பட்டியலில் அடங்காதவர் என் செய்வது? முதலாவது, நோய் நீடிக்கும் என்று தெரிந்தவுடன் விண்ணப்பித்தல். விண்ணப்பித்த நாளுக்கு முன்னர் 12 மாதங்களுக்கு மட்டுமே நிலுவை வழங்கப்படும். தயக்கத்தால் கழியும் மாதங்கள் இழப்பாகலாம்.

இரண்டாவது, 60 நாள் கெடுவைத் தவறவிடாமை. மறுக்கப்பட்டவர் பலர் மனம் உடைந்து கடிதத்தை மூடி வைத்துவிடுகின்றனர்; சிலர் மேல்முறையீடு செய்யாமல் புதிய விண்ணப்பம் எழுதுகின்றனர். இரண்டும் முன்னைய விண்ணப்பத்தால் வரக்கூடிய நிலுவைக்குக் கேடு செய்யலாம்.

மூன்றாவது, மருத்துவத்தை நிறுத்தாமை. பணமில்லாமையால் மருத்துவரிடம் போகாதவரின் ஏட்டில் பல மாதங்கள் வெறுமையாக இருக்கும். படிப்பவர் நோய் தணிந்தது என்று கருத இடமுண்டு. வருவாய்க்கு ஏற்பக் கட்டணம் பெறும் சமூக மருத்துவ நிலையங்கள் அந்நாட்டில் உள்ளன. எத்தனை நிமிடம் நிற்க முடிந்தது, எவ்வேலையை இடையில் நிறுத்த நேர்ந்தது என்று நாட்குறிப்பு எழுதி வைப்பதும் விசாரணையில் உதவும்.

நான்காவது, இடைக்கால உதவிகளை நாடுதல். வருவாயும் சொத்தும் மிகக் குறைந்தோர்க்கு 1974 முதல் தனியாக ஒரு துணை வருவாய்த் திட்டம் உண்டு; அதில் ஐந்து மாத விதி இல்லை. உணவுக்கும் உறைவிடத்திற்கும் மருந்துக்கும் வழியற்றவர் தம் நிலையைச் சான்றுடன் எழுதினால், விசாரணையை முற்படுத்தக் கோரலாம். வழக்கறிஞரை அமர்த்த முன்பணம் பொதுவாக வேண்டுவதில்லை. வென்றால் நிலுவையில் நான்கில் ஒரு பங்கு, அல்லது 2024 நவம்பர் இறுதியில் உயர்த்தப்பட்ட 9,200 அமெரிக்க வெள்ளி வரம்பு, இவற்றுள் குறைந்தது வழக்கமான கட்டணம்.

இவற்றுக்கிடையே ஓர் இடர்ப்பாடும் உண்டு. பசிக்காக வேலைக்குச் சென்று வரம்புக்கு மேல் ஈட்டினால், இயலாமை இல்லை என்பதற்கு அதுவே சான்றாகிவிடும். 2025-இல் கண்பார்வை உடையோர்க்கு அவ்வரம்பு மாதம் 1,620 அமெரிக்க வெள்ளி. உழைத்துப் பழகிய ஒருவர் உழைக்காமலிருந்து தம் இயலாமையை நிலைநாட்ட வேண்டியிருப்பது உடல் நோயினும் கொடிய மனநோவைத் தரவல்லது. மறுப்புக் கடிதம் வந்தால், தம்மைப் பொய்யர் என்றே நாடு சொல்லிவிட்டதாக அவர் எண்ணிவிடுகின்றார். ஏட்டில் இருந்த சான்று ஒரு வினாவுக்குப் போதவில்லை என்பதே அக்கடிதத்தின் பொருள் என்று அருகிலிருப்போர் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். தாள்களை வாரத்தில் ஒருநாள் மட்டும் எடுத்துப் பார்த்து, ஏனைய நாட்களை இல்லத்தார்க்கும் இயன்ற சிறு பணிகளுக்கும் ஒதுக்குவது மனத்திற்கு நலம் தரும்.

ஆசிரியர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. கடிதத்தில் உள்ள நாளைக் குறித்துக்கொள்ளாததாலும், கேட்ட வினாவுக்கு நேர் விடை எழுதத் தெரியாததாலும் உரிமையை இழப்போர் எந்நாட்டிலும் இருக்கக்கூடும். அலுவல் கடிதம் படிக்கவும் எழுதவும் வகுப்பில் நாம் கற்பிக்கும் பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. பின்னொரு நாள், நோயுற்ற தந்தைக்காக ஒரு மாணவர் அத்தகைய கடிதத்தைப் பிரிக்க நேரலாம். அதில் உள்ள கெடு எந்நாள் என்பதை முதலில் தேடிப் பார்க்க அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.